தலைமாட்டு ஆள்

சோபாக்காரரின் கடைக்குள் இரண்டு பேர் ஓர் ஆளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது அவருடைய மனைவி மேசைமேல் ரெக்சினை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே ஒரு கை தொங்கியது. "ஐயோ" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் டம்ளரோடு ஓடிவந்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா, இது பொம்மை" என்றார் முன்னால் பிடித்துவந்த பெண்மணி. சொல்லி வாய் மூடவில்லை, தொங்கிய கை தோளோடு கழன்று தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து மணல் கொட்டியது. மனைவி இரண்டாம் முறையும் கத்தினார்.

சோபாக்காரர் மட்டும் பதறவில்லை. ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, வாயில் நாலைந்து ஆணிகளைக் கவ்வியபடி, அடிப்பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு எழுந்துவந்து, அந்தக் கையை எடுத்துக் கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க. துணிதான் இத்துப்போச்சு" என்றார்.

அவருக்கு நல்ல கனத்த உடம்பு. அதைவிடக் கனத்த குரல். பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, புது ஃபோம் வைத்துத் தைத்துத் தருவது தொழில். பேசுவது பொழுதுபோக்கு என்று அவர் சொல்லிக்கொள்வார். தொழிலே அதுதான், சோபாதான் பொழுதுபோக்கு என்பது மனைவியின் கட்சி. கடையில் இருக்கிற இருக்கை எல்லாம் வயிறு கிழிந்து கிடப்பதால் வந்தவர்கள் உட்கார வழியில்லாமல் நின்றுகொண்டே அவர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். கால் கடுத்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று, "சரிங்க, அப்புறம் வர்றேன்" என்று நழுவிப்போனவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர்.

பொம்மையோடு வந்த பெண்மணி நழுவுகிற ரகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவர். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூட வந்தவருக்கு முடிச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள்; சும்மா நிற்கும்போதுகூட ஒரு துண்டுக் கயிற்றை வைத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருப்பார்.

"கோடையில மலைக்காடு தீப்பிடிச்சா அணைக்கப் போறாங்கல்ல, அவங்களுக்குப் பின்னாடியே போறவங்க நாங்க" என்று சிஸ்டர் சொன்னார். "அங்க ரோடு கிடையாது, ஆம்புலன்ஸ் வராது. அணைக்கப் போனவங்க வெயில் தாங்காம விழுவாங்க, பள்ளத்துல சறுக்குவாங்க, கிளை முறிஞ்சு மேல விழும். நாங்கதான் மருந்து பார்த்து, ஸ்டிரெச்சர்ல கட்டி, கீழ கொண்டுவரணும். அதுக்குப் பழகுறதுக்குத்தான் இந்தப் பொம்மை. நாளைக்குக் காலையில வேணும்."

"நாளைக்கா? இந்தக் கெட்டித் துணி நம்மகிட்ட இல்ல, வரவழைக்கணும். மணலை எல்லாம் கொட்டி, உள்பை புதுசாத் தைக்கணும். ஒரு வாரமாவது ஆகும்."

"அப்போ நாளைக்கு யாரைத் தூக்கறது?" என்று முடிச்சு சிஸ்டரைப் பார்த்தார்.

"ஏன், நான் வந்து படுத்துக்கறேன்" என்றார் சோபாக்காரர். "படுக்கறதுக்கு என்ன, பரீட்சையா எழுதணும்?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிஸ்டர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். சந்தையில் நல்ல பூசணியைக் கண்டவர் முகம் மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல கனம்" என்றார்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மனைவி, கத்தரிக்கோலைப் பொறுக்கிக்கொண்டே. "படுக்கறதுல எங்க வீட்டுக்காரரை அடிச்சுக்க ஆளே கிடையாது."

மறுநாள் காலை அவரை ஒரு பாறைச் சரிவில் படுக்க வைத்தார்கள். மரம் விழுந்து கால் முறிந்த மாதிரி பாவனை செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. மரத்தடி நிழல், இளங்காற்று. ஒரு தூக்கம் போடலாம் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். சிஸ்டரின் ஆட்களோ அவர் காலை இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து இறுக்கி, கழுத்துக்குப் பட்டை போட்டு, ஸ்டிரெச்சரில் வைத்து, மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று என்று வாரால் கட்டினார்கள். மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாததால் மேலே வானமும், தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் தாடையின் அடிப்பக்கமும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. ஒருவர் சரியாகச் சவரம் செய்திருக்கவில்லை.

சரிவு வந்ததும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். "விடு விடு", "பிடி பிடி", "ஐயோ, அந்தப் பக்கம் இல்ல" என்றெல்லாம் காதில் விழுந்தது. எந்தப் பக்கம்? யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஓர் இடத்தில் ஸ்டிரெச்சர் தலைகீழாகச் சாய்ந்தது. ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்தது. வாய் ஓயாத மனுஷன் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயடைத்துக் கிடந்தார்.

கீழே வந்து அவிழ்த்துவிட்டபின் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். எது சரியாக நடந்தது, எது தப்பு என்று ஒவ்வொருவரும் சொல்வது அவர்கள் வழக்கம். கடைசியில் சிஸ்டர், "பேஷண்ட் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லா இருந்துச்சு. நான் மேல போறேனா கீழ போறேனான்னு மட்டும்தான் தெரியல. ஒருவேளை ஒரேயடியா மேல போறேனோன்னு நெனச்சேன்" என்றார் சோபாக்காரர்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "தலைமாட்டுல ஒருத்தர் நடந்துக்கிட்டே பேஷண்ட்கிட்ட பேசிட்டு வரணும்னு நான் தொண்டை கிழியச் சொல்றேன். பொம்மையைத் தூக்கித் தூக்கி உங்களுக்கு அது மறந்தே போச்சு. பொம்மை எதையும் கேக்காதுல்ல."

ஒரு வாரத்தில் பொம்மை தைத்துத் தயாராகிவிட்டது. ஆனாலும் சிஸ்டர் அவரை விடவில்லை. அவருக்கும் விட்டுவர மனம் இல்லை. கோடைக்கு முந்திய மாதங்களில் வாரம் தவறாமல் மலைக்குப் போனார். அவர் உடம்பில் முறியாத எலும்பு இல்லை என்று ஆயிற்று. குளவி கொட்டியது, புகையில் மூச்சு முட்டியது, வெயில் அடித்து மூளை குழம்பியது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வியாதி. பேர்கூட மாறிப்போனது, கடைத்தெருவில் சோபாக்காரர், மலையில் பேஷண்ட்.

கொடுத்த வேடத்தைக் கொடுத்த அளவில் நடிப்பதுதான் அவரால் முடியவில்லை. கால் முறிந்தவராகப் படுக்க வைத்தால் நெஞ்சையும் பிடித்துக்கொள்வார். ஒருநாள் முழு மயக்கம் என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். பாதி வழியில் கண்ணை மூடியபடியே, "என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க, அந்தப் பச்சை சோபாவை வந்தவங்ககிட்டக் கொடுத்துடாம..." என்று ஆரம்பித்தார்.

"பேஷண்ட்" என்றார் முடிச்சு, "நீங்க மயக்கத்துல இருக்கீங்க. மயக்கத்துல இருக்கறவர் பேசக்கூடாது."

"இது மயக்கத்துல உளர்றதுப்பா."

"உளர்றவர் இவ்வளவு கோர்வையாப் பேசமாட்டார். வாயை மூடுங்க."

உண்மையாகவே வலித்தால் சொல்வதற்கு என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள்: 'நிஜம்'. அதைக் கேட்டால் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை அவரைப் படுக்க வைத்த இடம் எறும்புப் புற்று. கட்டி முடித்த பிறகுதான் எறும்புகள் வேலையைத் தொடங்கின. "நிஜம்! நிஜம்! முதுகுல நிஜம்! ஐயோ, எல்லா இடத்துலயும் நிஜம்!" என்று அவர் அலறிய அலறலில் அடுத்த மலையில் இருந்த பறவைகள் பறந்தன என்று முடிச்சு இன்றும் சொல்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்தவரின் முதுகைப் பார்த்து மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு வயசு என்ன ஆகுது? எறும்பு கடிச்சு வர்ற வயசா இது?" என்று கேட்டுக்கொண்டே மருந்து தடவினார். ஆனால் ஸ்டிரெச்சரின் குறுக்குக் கம்பி குதிகாலிலும் பின்மண்டையிலும் அழுத்துகிறது என்று கணவர் சொன்னபோது, "அதுக்கு ஏன் முனகுறீங்க? நம்ம கடைதானே?" என்று ஃபோமை அளந்து வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். தண்ணீர் ஊறாத ரெக்சினில் பொதிந்து, வாரில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருவரும் சேர்ந்து தைத்தார்கள். சிஸ்டருக்கு அது பிடித்துப்போய், எல்லா ஸ்டிரெச்சருக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தீ எரிகிற காலத்தில் அவருக்கு வேலை கிடையாது. அது விளையாட்டு இடம் இல்லை. ஆனாலும் மலைக்கு அடிக்கடி வருகிறவர் என்பதால் மற்றவர்களைப் போல அவரையும் உடல் பரிசோதனைக்கு அனுப்பி, தீக்காலப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடிக்க வைத்திருந்தார் சிஸ்டர். ஹெல்மெட்டும் பூட்ஸும் மஞ்சள் சட்டையும் கொடுத்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் நின்றபோது, "மாம்பழம் மாதிரி இருக்கீங்க" என்றார் மனைவி.

அந்த வருஷக் கோடை கொஞ்சம் முன்னதாகவே தொடங்கியது. மலையின் அந்தப் பக்கம் தீப்பிடித்து, தீயணைப்புக்காரர்கள் அடிவாரத்துப் புல்வெளியில் கூடாரம் போட்டிருந்தார்கள். சிஸ்டரின் குழுவும் அங்கேதான். சமையல் கூடாரத்துத் துணி காற்றில் கிழிந்துவிட்டது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டு ஆள் வந்தது. சோபாக்காரர் பெரிய ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய், துணியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதையும் நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ரேடியோவில் குரல் வந்தது. முந்தின நாளே எரிந்து அடங்கிய சரிவில், பட்டுப்போய் நின்ற மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தவர் மேல் பக்கத்து மரத்துக் கிளை முறிந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. ஹெலிகாப்டர் இறங்க முடியாதபடி பள்ளத்தாக்கு முழுவதும் புகை. ஓடைக்கரைப் பாதைவரை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே வண்டி வரும்.

சிஸ்டரின் ஆட்களில் பாதிப் பேர் வெயிலில் மயங்கிய ஒருவரைப் பார்க்க வேறு பக்கம் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை எண்ணினார். மேலே தீயணைப்புக்காரர்கள் கை கொடுப்பார்கள். தூக்குவதற்கு ஆள் போதும். கயிற்றுக்கு முடிச்சு இருக்கிறார். மருந்துக்கு நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கூடாரத் துணிமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"நடக்க முடியுமா உங்களால?"

"எங்க?"

"தலைமாட்டுல."

சோபாக்காரர் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தார். இத்தனை காலமும் போலி நோயாளியாகப் படுத்துக் கிடந்தவர், நிஜமான ஒருவரை இதுவரை பார்த்ததே இல்லை.

எரிந்த சரிவில் எல்லாம் கறுப்பாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் புஸ்ஸென்று எழுந்தது. ரம்பக்காரர் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் சோபாக்காரரைவிட ஒரு சுற்றுப் பெருசு. முகமெல்லாம் கரி, நடுவில் இரண்டு கண் மட்டும் வெள்ளை. சிஸ்டர் வலிக்கு ஊசி போட்டு, பூட்ஸை வெட்டி எடுத்து, காலை நேராக்கிச் சட்டம் வைத்துக் கட்டினார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், ஸ்டிரெச்சரைக் கண்டதும் முரண்டு பிடித்தார்.

"அதுல என்னைக் கட்டாதீங்க. நான் தாவித் தாவியே வந்துடறேன்."

"தாவுறதா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"சிஸ்டர், நான் எந்த மரத்து மேலயும் ஏறுவேன். நெருப்புக்குப் பக்கத்துல நிப்பேன். ஆனா என்னைக் கட்டிப்போட்டா மூச்சு முட்டும். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். தயவுசெஞ்சு வேணாம்."

சோபாக்காரர் அவர் தலைக்கு அருகில் சாம்பலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நியாயம்தான்" என்றார். "எனக்கும் மொதல் தடவை உயிரே போயிடுச்சு. இதுல நான் எத்தனை தடவை கட்டுப்பட்டிருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல. மார்ல போடுற வார்தான் மோசம். அதை மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கட்டச் சொல்லுங்க. மூச்சு விட்டதும் தானா லூஸாயிடும். கை ரெண்டும் வெளியவே இருக்கட்டும். மூக்கு அரிக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

ரம்பக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லங்க. நான் பேஷண்ட்."

"என்ன வியாதி?"

"எல்லாமே வந்திருக்கு."

வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் சிஸ்டர் கண்ணைக் காட்ட, ஸ்டிரெச்சர் பக்கத்தில் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார், வாரைக் கட்டினார்கள். கை இரண்டும் வெளியே இருந்தன. ஒரு கை மட்டும் சோபாக்காரரின் மஞ்சள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப தூக்கப்போறாங்க. ஒரு குலுக்கல் குலுக்கும், அவ்வளவுதான். ஆச்சு. இப்ப நேராப் போறோம். உங்களுக்கு மேல தெரியுறது முடிச்சோட மூக்கு. அதைப் பார்த்துட்டேதான் வரணும், வேற வழியில்ல. இப்ப எடதுபக்கம் திரும்பறோம். ஆள் மாத்தறாங்க, கொஞ்ச நேரம் கீழ வெப்பாங்க. இதுக்கெல்லாம் பயப்படாதீங்க."

வழி நெடுக இப்படியே. நடுநடுவே பேச்சு வேறு பக்கம் போனது. என்ன தொழில் என்று ரம்பக்காரர் கேட்டார். சோபா என்று இவர் சொன்னார். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, நடுவில் குழி விழுந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்றார் அவர். மனைவி வெளிர் நிறத்தில் துணி மாற்ற வேண்டும் என்கிறாராம்.

"வீட்டுல குழந்தைங்க உண்டா?"

"மூணு."

"மூணு குழந்தையை வெச்சுக்கிட்டு வெளிர் கலரா? உங்க சம்சாரத்தை நான் பார்த்துப் பேசணும்."

"பேசுங்க. என்னால முடியல."

"துணி இருக்கட்டும். உள்ள என்ன ஸ்பிரிங் போட்டிருக்கு தெரியுமா? ஸ்பிரிங்குல மூணு வகை இருக்கு..."

ஸ்பிரிங் வகைகளைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்ட ரம்பக்காரர் கடைசியில், "அண்ணே, நான் மரத்தைத்தான் அறுப்பேன். நீங்க ஆளையே அறுக்கறீங்களே" என்றார். தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததில் ஸ்டிரெச்சர் குலுங்கியது. "சிரிக்காம தூக்குங்க" என்று பின்னாலிருந்து சிஸ்டர் அதட்டினார்.

ஓடைக்கு மேலே செங்குத்தான ஓர் இறக்கம். எரிந்த மரத்தை நம்பிக் கயிறு கட்ட முடியாது. முடிச்சு ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து, தலையாட்டினார். நான்கு பேர் ஸ்டிரெச்சரின் இரண்டு பக்கமும் பிடித்து இறங்க, தனிக் கயிற்றில் இடுப்பு கட்டப்பட்டு சோபாக்காரர் தலைமாட்டிலேயே இறங்கினார். "கயிறு கதவு மாதிரி கிரீச்சுன்னு சத்தம் போடும். அது நல்ல சத்தம்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

பாதி இறங்கியிருப்பார்கள். ஒருவர் காலடியில் கல் பெயர்ந்தது. அவர் முழங்காலில் விழ, ஸ்டிரெச்சர் சடாரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கயிறு விறைத்து நின்றது. கல் உருண்டு உருண்டு போய் எங்கோ கீழே ஓடைப் பாறையில் மோதுகிற சத்தம் கேட்டது.

சோபாக்காரரின் பேச்சு பாதியில் நின்றது. இத்தனை நாள் அவர் வானத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது பள்ளம் தெரிந்தது. பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் தெரிந்தன. விரல் மூட்டு எல்லாம் வெளுத்து, நரம்பு புடைத்து நின்றன. முதல் நாள் பயிற்சியில் இவர்கள் ஏன் தன்னிடம் எதுவும் சொல்லாமல் இருந்தார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பேசுவதற்கு மூச்சு ஏது?

"என்ன ஆச்சு?" என்றார் ரம்பக்காரர். சட்டை நுனியைப் பிடித்திருந்த கை இறுகியது. "அண்ணே, ஏன் பேசாம இருக்கீங்க? எதையாவது சொல்லுங்க."

'ஒன்றுமில்லை' என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த வார்த்தையை அவரிடமே பலர் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறைகூட அவர் அதை நம்பியதில்லை.

"ஒரு கல்லு உருண்டுடுச்சு. உங்க வலதுபக்கம் பிடிச்சிருந்தவர் கால் சறுக்கி முட்டி போட்டுட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல, எழுந்திருக்காரு. நீங்க சாஞ்சிருக்கீங்க, ஆனா கயிறு விறைப்பா இருக்கு. மேல முடிச்சு பிடிச்சுட்டிருக்காரு. கயிறுன்னா அவருக்கு உயிரு. இப்ப கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் இங்கயேதான் இருக்கேன்."

"சரி" என்றார் ரம்பக்காரர். சற்றுப் பொறுத்து, "எனக்கு மூக்கு அரிக்குது" என்றார்.

"கைதான் சும்மா இருக்குல்ல?"

"ஒரு கையில உங்க சட்டை, இன்னொரு கையில கம்பி. ரெண்டையும் விடமாட்டேன்."

சோபாக்காரர் குனிந்து அவர் மூக்கைச் சொறிந்துவிட்டார். "கொஞ்சம் மேல" என்றார் ரம்பக்காரர். வலப்பக்கத்து ஆள் காலை ஊன்றி எழுந்துகொண்டார். ஸ்டிரெச்சர் நேரானது. கயிறு கிரீச்சென்றது.

"கேட்டுச்சா? நல்ல சத்தம்."

வெயில் சாய்வதற்குள் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். வண்டி காத்திருந்தது. கதவை மூடும்வரை ரம்பக்காரர் சட்டை நுனியை விடவில்லை. விட்டபோது அந்த இடத்தில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன. வண்டி போனபின் சோபாக்காரர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போயிருந்தது. சிஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தவர் தலையிலிருந்து கால்வரை கரியாக நின்றார். மனைவி வாசலிலேயே மறித்தார். சேதி அதற்குள் தெருவுக்கு வந்திருந்தது.

"கூடாரம் தைக்கத்தானே போனீங்க? யாரைக் கேட்டு மலை ஏறினீங்க?"

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மனைவி சந்தேகத்தோடு பார்த்தார். "என்ன, பேசமாட்டீங்களா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். மனைவிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. வெந்நீர் வைத்துக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, வெகுநாளாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து இடம் கிடைக்காமல் போன விஷயங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கடைக்கு இன்னொரு தையல் மெஷின் வேண்டும் என்பதில் தொடங்கி, அவர் ஒன்றும் சேதமில்லாமல் திரும்பி வந்ததற்குத் தனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதுவரை. சோபாக்காரர் குறுக்கே பேச முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளைக்குப் பிறகு குரல் திரும்பியது. "அதுக்குள்ளயா?" என்றார் மனைவி.

ரம்பக்காரரின் எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் ஊன்றுகோலை வீசிவிட்டு நடந்தார். அடுத்த கோடையில் வேலைக்கும் திரும்பினார். மலையிலிருந்து இறங்கிய கதையை அவர் தன் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி, தீயணைப்புக்காரர்கள் மத்தியில் சோபாக்காரருக்கு நல்ல பேர்.

சிஸ்டர் அதோடு சும்மா இருக்கவில்லை. தூக்குகிறவர்கள் எல்லாரும் முறைவைத்துத் தலைமாட்டில் நடந்து பழக வேண்டும் என்றார். அந்தப் பாடத்தை நடத்தும் பொறுப்பு சோபாக்காரரிடம் வந்தது. "எதையும் மறைக்காதீங்க, ஆனா மொத்தத்தையும் ஒரே மூச்சுல கொட்டாதீங்க" என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்க மனைவி ஒருமுறை மலைக்கே வந்து, முடியும்வரை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சோபாக்காரர் நின்றுகொண்டு சொல்லித்தர வேண்டும் என்றால் படுப்பதற்கு வேறு ஆள் வேண்டுமே. தன் தெருவிலிருந்தே பிடித்துவர ஆரம்பித்தார். பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிறவர் ஒருநாள் வந்தார். அவருக்குக் கூச்சம் அதிகம். விலா எலும்பைத் தொட்டுப் பார்க்கப் போன சிஸ்டரைக் கண்டே சிரித்து உருண்டதால் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர் மருந்துக்கடைக்காரர். வாரம் முழுவதும் ஓய்வில்லாமல் கடையில் நிற்கிறவர். கட்டி முடித்ததுமே கண்ணை மூடிவிட்டார். அன்றைக்குக் கொடுத்த வேடம் மயக்கம் என்பதால் நன்றாக நடிக்கிறார் என்று முதலில் எல்லாரும் மெச்சினார்கள். குறட்டை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அப்படியே சரிவில் இறக்கி, ஓடைதாண்டி, அடிவாரம்வரை கொண்டுவந்துவிட்டார்கள். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. வாரை மட்டும் மெல்ல அவிழ்த்து, ஸ்டிரெச்சரோடு மர நிழலில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சொட்டும் தீர்ந்து, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நான் ரெடிங்க. ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.